அப்பாருவின் அளவுப் புத்தகம்

உக்கடம் பெரியகுளத்தின் கரையில் வாழ்ந்து மறைந்த ஓர் ஓய்வுபெற்ற இன்ஜினீயரை அவருடைய பேத்தி நினைத்துப் பார்க்கிறார்.

கோயம்புத்தூரில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால், பல வீடுகளில் பேப்பரைத் திறந்ததும் கண் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். சிறுவாணி அணை எத்தனை அடி? எங்கள் வீட்டில் மழைக்காலம், வெயில்காலம் என்ற பேதமே கிடையாது. வருஷம் முழுக்க அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தாக வேண்டும். படிப்பது நான். கேட்பது அப்பாரு.

“நேத்து எத்தன கண்ணு?” என்பார். அதையும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்ன பிறகுதான் காபி டம்ளரைக் கையில் எடுப்பார். எனக்குக் கழித்தல் கணக்கு வந்தது அப்படித்தான்.

அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். எங்கள் அப்பாரு பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்தவர். 1938-ல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, கோவை தடாகம் ரோட்டில் இருக்கும் ஜி.சி.டி.யில் சிவில் படித்தார். 1945-ல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்வி நிலையம்தான் பின்னாளில் ஜி.சி.டி. ஆனது. 1960-ல் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தவர், 58 வயது நிறைந்து 1996 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அன்றைக்கு எனக்கு நான்கு வயது. அதன்பிறகு 2024 பிப்ரவரியில் கண் மூடும் வரை, உக்கடத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

அந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எனக்கு எல்லாமுமாக இருந்தார். என் அப்பாவுக்கு என்னவாக இருந்தார் என்பது வேறு கதை. அவர் போன பிறகுதான் அந்தக் கதை எனக்கு முழுசாகத் தெரிந்தது.

கரையில் நடந்த பாடம்

உக்கடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் ஸ்டாண்டும் மீன் மார்க்கெட்டும்தான் ஞாபகம் வரும். பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி பஸ்களின் ஹாரன் சத்தத்தில்தான் நாங்களும் கண் விழிப்போம். ஆனால் அப்பாருவுக்கு உக்கடம் என்றால் பெரியகுளம். சுமார் 320 ஏக்கர் பரப்பு. சனிக்கிழமை தவறாமல் என்னை டி.வி.எஸ். 50-ல் முன்னால் நிறுத்திக் கூட்டிப் போவார். கூழைக்கடா பார்க்கலாம் என்று ஆசை காட்டித்தான் கூட்டிப் போவார். அங்கே போனதும் பாடம் ஆரம்பித்துவிடும்.

“இந்தக் குளம் தனிக்கட்டை இல்ல கண்ணு. இதுக்கு அண்ணன், தம்பியெல்லாம் இருக்குது” என்பார். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலை, அங்கங்கே தடுப்பணை கட்டி வாய்க்காலில் திருப்பியிருக்கிறார்கள் நம் முன்னோர். வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் கலிங்கு வழியாக மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். செல்வசிந்தாமணிக் குளத்தின் உபரி பெரியகுளத்துக்கு, பெரியகுளத்தின் உபரி வாலாங்குளத்துக்கு. கடைசியில் மிஞ்சுவது திரும்ப நொய்யலுக்கே போய், கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் மூன்று டம்ளரை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். அம்மா துடைக்கும் துணியோடு பின்னாலேயே நிற்பார்.

“மேல இருக்கறவன் நெறஞ்சாத்தான் கீழ இருக்கறவனுக்கு. நடுவுல ஒருத்தன் வாய்க்காலை அடைச்சுட்டான்னா அத்தன பேருக்கும் போச்சு.”

மண் கரை எப்போதும் கொஞ்சம் கசியும் என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒருமுறை கரையின் அடியில் ஈரத்தைப் பார்த்துவிட்டு நான் பயந்துபோய், “ஏனுங் அப்பாரு, ஒடஞ்சுருமுங்களா?” என்று கேட்டேன். குனிந்து தொட்டுப் பார்த்தார். “கசியற தண்ணி தெளிவா இருந்தா பெரிசா பயப்பட வேண்டாம். கலங்கி வந்தாத்தான் விசயம். தண்ணியோட மண்ணும் வருதுன்னா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்.” கசிவைப் பார்த்தால் எவ்வளவு என்பதோடு எந்த நிறம் என்றும் பார்க்க வேண்டும் என்பார்.

மொட்டை மாடியில் அவரே செய்த மழைமானி ஒன்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு பழைய தகர டப்பா, ஒரு ஸ்கேல். அவ்வளவுதான். டப்பாவின் சுவர் நேராக இருந்தால் போதும், வாய் சின்னதா பெரிசா என்பது பொருட்டில்லை, மில்லிமீட்டர் கணக்கு ஒன்றுதான் வரும் என்பார். வானிலைத் துறை அளவெடுப்பது காலை 8.30 மணிக்கு. இவரும் அதே நேரத்துக்கு மாடி ஏறுவார். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் தண்ணீர் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-ல். எங்கள் வீட்டுக் குழாய்கள் அதற்கு முன்பே தரைக்குள் இறங்கியிருந்தன.

“நம்மூருக்கு மழை ஐப்பசியில. குடிக்கற தண்ணிக்கு மழை ஆனி, ஆடியில” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். கோவை நகருக்கு மழை அதிகம் தருவது வடகிழக்குப் பருவம். ஆனால் சிறுவாணி நிரம்புவது தென்மேற்குப் பருவத்தில், மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழையில். அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973-ல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, 1984-ல் கட்டி முடித்த அணை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக, பம்ப் வைத்து இறைக்காமல், வாட்டத்திலேயே தண்ணீர் இறங்கி வருகிறது. உள்ளூரில் கொட்டித் தீர்த்தாலும் குழாயில் தண்ணீர் வராத நாள் வரும் என்பதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அழிக்காதே, கோடு போடு

ஏழாம் வகுப்பில் கணக்கில் 47 வாங்கினேன். ரேங்க் கார்டில் நாலை ஒன்பதாக்குவது ரொம்பச் சுலபம். பேனாவில் ஒரு சுழி போதும். அப்பாவிடம் காட்ட பயந்து அப்பாருவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்தார்.

பொதுப்பணித் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. அளவுப் புத்தகம். எவ்வளவு மண் வெட்டினார்கள், எவ்வளவு கல் கட்டினார்கள் என்று வேலை நடந்த இடத்திலேயே அளந்து அதில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் பில் பாஸாகும். “அதுல ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது கண்ணு. மேல எழுதி மறைக்கவும் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு. கீழ என்ன இருந்துச்சுன்னு படிக்கத் தெரியோணும். பக்கத்துல சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டுத் தேதி போடோணும். தப்பு செஞ்சது நான்தான், திருத்துனதும் நான்தான்னு அர்த்தம்.”

97-ன் மேல் ஒரு கோடு போட வைத்தார். பக்கத்தில் 47 என்று எழுதி என் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொன்னார். கீழே பெற்றோர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த மூன்று மாதம் தினமும் சாயங்காலம் கணக்கு. பென்சிலைச் சீவி, கூர்மையைக் கட்டைவிரலில் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார்.

கதவு நிலையில் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பென்சில் கோடு. உயரம் சென்டிமீட்டரில், தேதியோடு. ராத்திரி நான் பரீட்சைக்குப் படித்தால் அவரும் தூங்க மாட்டார். ஹாலில் உட்கார்ந்து பழைய பேப்பரைத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்குக் கிடைக்காத அப்பா

ஒருநாள் அவர் எனக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று பார்த்தார். அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. “எனக்கு ஒருநாளாச்சும் இந்த மனுசன் ஒரு பென்சில் சீவிக் குடுத்திருப்பாரா?”

அப்பா பிறந்தது 1963-ல். அப்பாரு அப்போது பரம்பிக்குளம் - ஆழியாறு திட்ட வேலையில் இருந்தார். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் ஆறுகளின் தண்ணீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் திருப்பி, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்து வறண்ட காடுகளுக்குக் கொண்டு வந்த திட்டம் அது. காமராஜர் ஆட்சிக் காலத்தில், 1961 அக்டோபர் 7-ம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்று தென்னந்தோப்பாகப் பார்க்கும் எத்தனையோ இடங்களில் அன்றைக்குச் சோளமும் நிலக்கடலையும் மழையை நம்பித்தான் இருந்தன. காட்டுக்குள் கேம்ப். யானை, அட்டை, மலேரியா பயம். அப்பத்தாவும் அப்பாவும் கிராமத்தில். மாதம் ஒருமுறை அப்பாரு வந்தால் அதிசயம்.

இரண்டு வயதில் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். அப்பத்தா தனியாக, மாட்டுவண்டி பிடித்துப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். உயிர் பிழைத்தது. ஆனால் இடது காது மந்தமாகிவிட்டது. இப்போதும் அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் நாங்கள் வலதுபக்கம்தான் போய் நிற்போம். அப்பாரு ஊர் வந்து சேர்ந்தது நான்கு நாள் கழித்து. அந்த நான்கு நாளை அப்பத்தா கடைசிவரை மறக்கவில்லை. அப்பத்தா சொல்லிச் சொல்லி, ஞாபகமே இல்லாத அந்த நான்கு நாள் அப்பாவுக்கும் மறக்கவில்லை.

பிறகும் அப்படியேதான். ஒரு அணை முடிந்தால் இன்னொரு கால்வாய். அப்பா படித்தது கிராமத்தில், அப்புறம் ஹாஸ்டலில். இன்ஜினீயரிங் படி என்று அப்பாரு சொன்னார். அப்பா படிக்கவில்லை. மோட்டார் பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தார். ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்தும் இருவருக்கும் நடுவில் பேச்சு என்பது, “சாப்டாச்சுங்களா?” “ஆச்சு.” இவ்வளவுதான். மரியாதைக்குக் குறைவே இல்லை. கரை உடையவில்லை. கசிந்துகொண்டே இருந்தது.

குளத்துக்குள் இறங்கிய ஊர்

2013 கோடை. பெரியகுளம் வற்றிக் கிடந்தது. மாநகராட்சியும், சிறுதுளி போன்ற அமைப்புகளும் சேர்ந்து தூர் வாரும் வேலையைத் தொடங்கியபோது, ஊர் ஜனமே குளத்துக்குள் இறங்கியது. காலேஜ் பிள்ளைகள், மில் தொழிலாளிகள், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் என்று திருவிழாக் கூட்டம். அப்பாருவுக்கு அப்போது 75 வயது. நானும் போகிறேன் என்றார். இந்த வெயிலில் வேண்டாமென்று அப்பா சொன்னார். அப்பாரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் அப்பாவே ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றிருக்கிறார். அப்பாரு குடையை ஊன்றிக்கொண்டு, சுற்றி நின்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அள்ளுகிற மண்ணைக் கரையில் சும்மா கொட்டக் கூடாது, பரப்பி மிதித்துக் கெட்டிக்க வேண்டும். கரைச் சரிவைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. கரை மேல் பெரிய மரம் வைக்கக் கூடாது, வேர் செத்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் பாதை பிடித்துவிடும். பிள்ளைகள் “சார், சார்” என்று கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னிடம்தான் சொன்னார், ஆனால் அப்பாருவுக்குக் கேட்கிற மாதிரி. “நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாரு உங்கப்பாரு.” அப்பாரு தட்டைப் பார்த்தபடி, “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா” என்றார். அடுத்த ஞாயிறும் அப்பாதான் கூட்டிப் போனார்.

2018-ல் உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பால வேலை தொடங்கியது. தூசியும் டிராஃபிக்கும் தாங்காமல் தெருவே சலித்துக்கொண்டபோது, அப்பாரு மட்டும் குஷியாக இருந்தார். தூண் தூணாகப் பார்த்து வந்து சொல்வார். கடைசி இரண்டு வருஷம் கால் ஒத்துழைக்கவில்லை. “எத்தனாவது தூண் வந்துட்டானுங்க?” என்று அப்பாவிடம் கேட்பார். கடையிலிருந்து வரும் வழியில் எண்ணிக்கொண்டு வந்து அப்பா சொல்வார். அதற்கு மேல் பேச்சு நீளவில்லை. ஆனால் அந்தக் கேள்வி தினமும் இருந்தது.

அலமாரியில் இருந்தவை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, அவருடைய இரும்பு அலமாரியைத் திறந்தோம். ஸ்லைடு ரூல், உறை கிழிந்த அளவு டேப், வருஷத்துக்கு ஒன்றாக இருபத்தெட்டு நோட்டுகள். கட்டம் போட்டு எழுதியிருந்தார். தேதி. மழை, மி.மீ. சிறுவாணி, அடி. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘வீடு’.

அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி. ‘கண்ணு 118 செ.மீ.’ ‘அப்பத்தாவுக்கு மாத்திரை மாற்றம்.’ ‘மருமகளுக்குத் தலைவலி, காபி நான் போட்டேன்.’ பெரும்பாலான நாளில் இருந்தது வேறு ஒன்று. ‘மகன் வந்தது 9.40.’ ‘மகன் 10.15. சாப்பிட்டான்.’ ‘மகன் 10.50. சாப்பிடவில்லை.’ அப்பா கடையை மூடி வீடு வந்த நேரத்தை, இருபத்தெட்டு வருஷமும் குறித்து வைத்திருந்தார். ஹாலில் பழைய பேப்பரை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது என் பரீட்சைக்காக மட்டும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு நிற டைரி ஒன்று. 1965. கேம்ப்பில் எழுதியது. ஊற்றுப் பேனா மை மங்கிப்போயிருந்தது. ஒரு பக்கத்தில் இப்படி: ‘வீட்டிலிருந்து கடிதம். பையனுக்குக் கடும் காய்ச்சல். நாளை கான்கிரீட். முடித்துவிட்டுப் போகலாம்.’

கான்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். நேற்றுப் போட்டது இறுகிவிட்டால் இன்று போடுவது அதோடு ஒன்றாகச் சேராது, அந்த இணைப்பில்தான் பிற்பாடு தண்ணீர் கசியும் என்பார். அதைச் சொல்லும்போது ஏன் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நான் யோசித்ததில்லை.

‘முடித்துவிட்டுப் போகலாம்’ என்ற வார்த்தைகளின் மேல் ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. கீழே இருப்பதைப் படிக்க முடிந்தது. பக்கத்தில் நீல பால்பாயின்ட் பேனாவில், வயதான கையெழுத்தில், ‘உடனே போயிருக்க வேண்டும்’ என்று எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டிருந்தார். 1.6.1996. ஓய்வு பெற்ற மறுநாள்.

அப்பா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

“நீங்க எங்கீங்க கேட்டீங்க?” என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை.

அப்பா டைரியை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அப்பாதான் எழுதச் சொன்னார். நம் வீடுகளில் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். பேத்திக்குப் பென்சில் சீவுவார்கள், மகன் வரும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அலமாரி திறக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பழைய வேலையைப் பற்றிக் கேட்டாலே போதும். எந்த ஊரில் இருந்தீர்கள், யாரோடு தங்கினீர்கள், வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்தீர்கள்? கேட்கும்போதே செல்போனில் பதிவு செய்து வையுங்கள். எங்கள் வீட்டில் அப்பாருவின் குரல் ஒரே ஒரு வாட்ஸ்அப் பதிவில்தான் இருக்கிறது. அதிலும் மாத்திரை வாங்கி வரச் சொல்கிறார்.

2024 ஆகஸ்ட் 9-ம் தேதி மேம்பாலம் திறந்தார்கள். அந்த வாரமே அப்பா எங்கள் எல்லோரையும் காரில் கூட்டிப் போனார். மேலே ஏறியதும் ஒரு பக்கம் பெரியகுளம், மறுபக்கம் வாலாங்குளம். என் மகளுக்கு ஐந்து வயது. எது அண்ணன் குளம், எது தம்பி குளம் என்று அப்பா அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது காலையில் பேப்பர் படிப்பது என் மகள். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். 8.30-க்கு மாடி ஏறுவது அப்பா. இருபத்தொன்பதாவது நோட்டு அவர் கையெழுத்தில் இருக்கிறது. போன ஐப்பசியில் ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்தேன். மழை 41 மி.மீ. என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 14 என்று திருத்தியிருந்தார். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் தேதியும் இருந்தன.